சும்மா இருந்தால் அறுபடும் இணைப்பு

2003 ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. விளாங்குடியில் வழக்கமான டவுன் பஸ் கிடைத்தது, உட்கார இடமும் கிடைத்தது. மருத்துவமனைக்குப் போனதும் செருப்பை வெளியே கழற்றிவிட்டு சர்வர் அறைக்குள் நுழைந்தேன். முந்தைய இரவு பேக்கப் எடுத்த நாடாவை வெளியே எடுத்து உறையில் போட்டேன். செவ்வாய் என்று எழுதிய நாடாவை உள்ளே வைத்தேன். ஏ.சி.க்குக் கீழே வைத்திருந்த வாளியில் தண்ணீர் நிரம்பியிருந்தது, அதைக் கொட்டினேன். இரவில் பதிவான பிழைச் செய்திகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். புதிதாக எதுவும் இல்லை. அதன் பிறகுதான் டீ.

சென்ற மாதம் அந்த அறையைக் காலி செய்துவிட்டார்கள். மருத்துவமனையின் பதிவுகள் எல்லாம் இப்போது எங்கோ வெளியூரில் வாடகைக்கு எடுத்த கணினிகளில் இருக்கின்றன. விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு போய்விட்ட என்னையும் அன்று மரியாதைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். இப்போது அங்கே வேலை பார்க்கும் பிள்ளைகள், "மேடம், உங்க காலத்துல கனெக்‌ஷன் போனா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார்கள். நின்றபடியே சொல்லி முடிக்கிற பதில் அல்ல என்பதால் எழுதுகிறேன்.

நான் கணிதம் படித்தவள். மிஷன் பள்ளியில் சில மாதங்கள் பாடம் நடத்தினேன், பிறகு ஓராண்டு கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்தேன். 1992இல் மதுரையில் இந்தத் தனியார் மருத்துவமனையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்து, மூன்று ஆண்டுகளில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். தொழிலைக் கற்றுக்கொண்டது அந்தப் பிரிவின் மேலாளர் பத்மநாபன் சாரிடம்.

அவர் முனிச்சாலைப் பக்கத்துக்காரர், சௌராஷ்டிரர். எங்களிடம் தமிழில் பேசுவார். சிக்கல் பெரிதாகிவிட்டால் மட்டும் தன் வீட்டு மொழியில் முணுமுணுப்பார். அது காதில் விழுந்தால் அறையில் யாரும் பேச மாட்டோம். ஒரு கோளாறு என்று யார் வந்து நின்றாலும் அவர் கேட்கும் கேள்விகள் மாறாது. "நீ என்ன பார்த்த? அதை மட்டும் சொல்லு. நீ என்ன நெனைக்கிறங்கிறத அப்புறம் கேக்குறேன்." அடுத்து, "எப்ப இருந்து?" அதற்கும் அடுத்து, "அதுக்கு முன்னாடி என்னத்த மாத்துனோம்?" இந்த மூன்றுக்கும் பதில் வராமல் எந்த இயந்திரத்தையும் அணைத்துப் போட விடமாட்டார். "அணைச்சுப் போட்டா ஓடும்தான். ஆனா ஏன் நின்னுச்சுன்னு யாருகிட்டப் போய்க் கேப்ப?" என்பார்.

1996இல் மருந்துக் கடைப் பிரிண்டர் தினமும் மாலை நான்கு மணி வாக்கில் 'காகிதம் இல்லை' என்று நின்றுவிடும். காகிதம் கட்டுக்கட்டாக இருக்கும். பழுது பார்ப்பவர் இரண்டு முறை வந்து, பாகங்களை மாற்றிவிட்டுப் போனார். பத்மநாபன் சார் ஒரு நாள் மூன்றரை மணிக்கே பில் போடுபவரின் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார். மேற்கு ஜன்னல் வெயில் மெல்ல இறங்கி, காகிதம் இருக்கிறதா என்று பார்க்கும் சிறு கண்ணாடியின் மேல் நேராக விழுந்தபோது பிரிண்டர் நின்றது. ஒரு திரைச்சீலையோடு வேலை முடிந்தது. கோளாறு எங்கே வருகிறதோ, அங்கே இருப்பவரின் நாற்காலியில் உட்கார வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் மருத்துவமனையில் எல்லா சுவிட்ச் போர்டுகளுக்கும் மேலே 'ஆள் இல்லையேல் அணைக்கவும்' என்று ஒரு பலகை இருக்கும். நிறுவனர் வைத்த வழக்கம். மற்றவர்கள் அதைக் கடைப்பிடித்தோம், பத்மநாபன் சார் அதை மூச்சாக வைத்திருந்தார். அவர் எழுந்தால் கை தானாக ஃபேன் சுவிட்சுக்குப் போய்விடும். அறையில் நான்கு பேர் உட்கார்ந்திருப்பது பிறகுதான் அவர் கண்ணில் படும்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

எங்களுக்கு உசிலம்பட்டியில் ஒரு கிளை உண்டு. ரத்த வங்கி மதுரையில் மட்டும்தான். எந்த வகை ரத்தம் எத்தனை பை இருக்கிறது என்பதைக் கிளையிலிருந்தே கணினியில் பார்த்து, வேண்டியதை ஒதுக்கிவைக்க ஏற்பாடு செய்திருந்தோம். அந்த ஆண்டு மார்ச் வரை இரு இடங்களையும் சாதாரணத் தொலைபேசி வழியாக இணைத்தோம். மார்ச்சில் எந்நேரமும் திறந்திருக்கும் தனி லைன் வாங்கினோம். அதோடு மதுரைப் பக்கத்தில் ஒரு காவல் பெட்டியும் வைத்தோம். வெளியிலிருந்து யார் வரலாம், யார் வரக்கூடாது என்று பார்த்து விடும் பெட்டி, ஃபயர்வால் என்போம்.

லைன் வந்த பிறகுதான் தொல்லை தொடங்கியது. மதியத்துக்கு மேல் கிளையிலிருந்து ரத்த இருப்பைக் கேட்டால் திரை அப்படியே உறைந்துவிடும். சில நிமிடங்கள் கழித்து 'இணைப்பு இல்லை' என்று வரும். கணினியை அணைத்துப் போட்டால் ஓடும், மறுநாள் மதியம் மறுபடி உறையும். மதுரைக்குள் இருக்கும் கணினிகளில் இந்தக் கோளாறு ஒரு நாளும் வந்ததில்லை. லைன்காரர்கள் வந்து அளந்து பார்த்து, லைன் சுத்தம் என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மே கடைசியில் ஒரு மதியம், கிளையில் பிரசவமான பெண்ணுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஏ நெகட்டிவ் இருக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டபோது திரை உறைந்திருந்தது. ரத்த வங்கியின் போனில் வேறு யாரோ பேசிக்கொண்டிருந்ததால் லைன் கிடைக்கவில்லை. இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் ஆம்புலன்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்பினார்கள். இங்கே ரத்தம் இருந்தது, தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் டாக்டரம்மா விடவில்லை. கிளையில் கணினி பார்க்கும் செல்வராணி, சாப்பிடப் போகும்போது புரோகிராமை மூடிவிட்டுப் போகிறாள் என்று புகார் எழுதினார். சர்வரில் பார்த்தால் தினமும் மதியம் அவள் புதிதாக உள்ளே நுழைந்த பதிவு இருந்தது. நிர்வாக அதிகாரி தங்கவேலுக்கு அது போதுமானதாக இருந்தது. மெமோ கொடுத்தார்.

அன்று காலை டீ குடித்துக்கொண்டிருந்தபோது அவரிடமிருந்து போன். "எஸ்தர் மேடம், அந்த உசிலம்பட்டிப் பொண்ணு விளக்கம் குடுக்க நாளைக்கோட கெடு முடியுது. இந்த மாசத்தோட ஒப்பந்தத்தை முடிச்சுக்கலாம்னு இருக்கேன். உங்க செக்‌ஷன்ல ஏதும் சொல்றதுக்கு இருக்கா?"

பத்மநாபன் சாரிடம் சொன்னேன். "அந்த நாற்காலியில நம்ம யாராவது உக்காந்தமா?" என்று கேட்டார். யாரும் உட்காரவில்லை. போனிலேயே மூன்று மாதம் பேசியிருக்கிறோம். குடையை எடுத்துக்கொண்டு, "கெளம்பும்மா" என்றார்.

உசிலம்பட்டி பஸ்ஸில் ஏறினோம். செக்கானூரணி தாண்டியதும் சார் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அந்தப் பொண்ணு மேல உனக்குச் சந்தேகம் இருக்கா?"

"தெரியல சார்."

"நல்லது. அப்படியே இரு."

செல்வராணிக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். பி.எஸ்சி. படித்தவள், அப்பாவுக்கு மானாவாரிக் காடும் மாடுகளும். எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாள், கண் சிவந்திருந்தது. தனியாக என்னிடம், "மேடம், வேலைக்குப் போறேன்னு சொல்லித்தான் ரெண்டு மாப்பிள்ளையத் தட்டிக் கழிச்சிருக்கேன். வேலை போச்சுன்னா அடுத்த முகூர்த்தத்துல மாலைய மாட்டி விட்டுருவாங்க" என்றாள்.

பத்மநாபன் சார் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்தார். "நீ என்ன பாத்தம்மா? அதை மட்டும் சொல்லு."

"எக்ஸ்ரே மெஷின்தான் சார் காரணம். பக்கத்து ரூம்ல அத ஓட்டுனா என் லைன் போயிருது."

சுவருக்கு அப்பால் கேட்டுக்கொண்டிருந்த எக்ஸ்ரே டெக்னீஷியன் ரபீக் உடனே வந்துவிட்டார். "சார், மூணு மாசமா இந்தப் பழியச் சொமக்குறேன். ஏன் தங்கச்சி, உங்க வீட்டுப் பசுமாடு பால் குறைச்சாலும் என் மெஷின்தான் காரணமா?"

"நீங்க சும்மா இருங்கண்ணே. மத்தியானம் நீங்க மெஷினப் போட்ட பொறவுதான போகுது?"

"தெனமும் போகுதா?" என்று சார் கேட்டார்.

"தெனமும்தான் சார். சந்தை அன்னைக்கு மட்டும் போகாது."

"சந்தை அன்னைக்கு எக்ஸ்ரே உண்டா?"

ரபீக் கையைத் தட்டினார். "அன்னைக்குத்தான் சார் அம்புட்டுக் கூட்டம்! மாடு முட்டுனவன், வண்டியில இருந்து விழுந்தவன்னு வரிசையா வருவான். காலைல போட்ட மெஷின அணைக்கவே மாட்டேன். கேட்டியா தங்கச்சி? எனக்கு விடுதலை!"

சார் சிரிக்கவில்லை. "சந்தை அன்னைக்கு நீ எத்தன தடவம்மா எந்திரிப்ப?"

"எங்க சார் எந்திரிக்க? ஆளு வந்துக்கிட்டே இருக்கும். ஒரு கையில சோறு, ஒரு கையில கீபோர்டு."

"மத்த நாளு?"

"மத்தியானம் ஈ ஓட்டணும் சார்."

அதுவரை நாங்கள் எல்லோரும் கூட்டம் அதிகமானால் இணைப்பு திணறுகிறது என்ற கோணத்திலேயே பார்த்திருந்தோம். கூட்டம் மிகுந்த நாளில்தான் அது நன்றாக ஓடுகிறது. பத்மநாபன் சார் கைக்கடிகாரத்தைக் கழற்றி மானிட்டர் மேல் வைத்தார். "எல்லாரும் கையை எடுங்க. இனிமே நான் சொல்ற வரைக்கும் யாரும் தொடக்கூடாது."

ஐந்து நிமிடம் சும்மா விட்டுவிட்டு ரத்த இருப்பைக் கேட்டார். வந்தது. பத்து நிமிடம் விட்டுவிட்டுக் கேட்டார், வந்தது. பிறகு இருபது நிமிடம். அந்த இருபது நிமிடம் மிக நீளமாக இருந்தது. நடுவில் ஜன்னலைத் திறக்க எழுந்தவர், போகிற போக்கில் ஃபேனை அணைத்துவிட்டார்.

"சார், நாங்க மூணு பேரு உக்காந்திருக்கோம்" என்றார் ரபீக்.

"ஓ" என்று மறுபடி போட்டார்.

இருபது நிமிடம் முடிந்ததும் கேட்டார். திரை உறைந்தது. செல்வராணியின் கை பழக்கத்தில் கணினியின் சுவிட்சுக்குப் போனது.

"தொடாத!" அப்படி அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. உடனே தணிந்து, "நோய இப்பத்தாம்மா கண்ணால பாக்குறோம். கொஞ்சம் இருக்கட்டும்" என்றார்.

நான் மதுரைக்குப் போன் போட்டு, சர்வரில் செல்வராணியின் இணைப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சொன்னேன். ஆபரேட்டர் பார்த்துவிட்டு, "உள்ளதான் மேடம் இருக்காங்க. நல்லா இருக்கு" என்றார். இங்கே திரை செத்துக் கிடக்கிறது, அங்கே சர்வர் அவள் உள்ளேதான் இருக்கிறாள் என்கிறது. அவள் மூடியிருந்தால் சர்வருக்குத் தெரிந்திருக்கும். லைன் அறுந்திருந்தால் கிளையில் லைன் வந்து சேரும் மோடம் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்திருக்கும். பச்சைதான் எரிந்தது.

"ரெண்டு பேரும் ரிசீவரைக் காதுலதான் வச்சிருக்காங்க" என்றார் சார். "நடுவுல எவனோ ஒயரைக் கழட்டிட்டான். ரெண்டு பக்கத்துக்கும் சொல்லல."

நடுவில் இருப்பது காவல் பெட்டி ஒன்றுதான்.

மூன்று மணிக்கு மதுரை வந்துவிட்டோம். அந்தப் பெட்டியின் அமைப்புகளை நான் ஒவ்வொரு திரையாகத் திறந்தேன். பெட்டி தன் வழியாகப் போகும் ஒவ்வொரு இணைப்பையும் நினைவில் வைத்திருக்கும். ஒரு இணைப்பில் வெகுநேரம் பேச்சு இல்லையென்றால் அதை மறந்துவிடும். எவ்வளவு நேரத்தில் மறக்க வேண்டும் என்பதை நாம் சொல்லலாம். அதில் பதினைந்து நிமிடம் என்று இருந்தது.

பெட்டியை நிறுவிய கம்பெனி இன்ஜினீயருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "வழக்கமா ஒரு மணி நேரம்தான் சார் வைப்போம்" என்றார் அவர். "நீங்கதான பதினஞ்சு போடச் சொன்னீங்க? 'சும்மா கெடக்குற லைன் எதுக்கு, வெட்டி விடு'ன்னு சொன்னீங்க."

பத்மநாபன் சார் தன் மொழியில் ஏதோ முணுமுணுத்தார். அறையில் நானும் அவரும் மட்டும்தான். நான் பேசவில்லை.

தொலைபேசி வழியாக இணைத்த காலத்தில், பேசாத நேரத்துக்கும் பில் ஏறும் என்பதால் கால் மணி நேரம் சும்மா இருந்தால் இணைப்பை வெட்டும்படி அவர் வைத்திருந்தார். அப்போது அது சரி. வெட்டினால் இருபக்கமும் தெரியும், திரையிலேயே செய்தி வரும், செல்வராணி மறுபடி டயல் செய்வாள். புதிய லைனுக்குப் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் ஒரே வாடகைதான். ஆனாலும் ஆள் இல்லையேல் அணைக்க வேண்டும் என்ற பழக்கம், எவ்வளவு நேரம் வைக்கலாம் என்று இன்ஜினீயர் கேட்டதும் அவர் வாயில் வந்துவிட்டது. புதிய பெட்டியோ வெட்டுவதை யாரிடமும் சொல்லாது.

"எப்ப இருந்து? மார்ச்சுல இருந்து. என்னத்த மாத்துனோம்?" என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார். சட்டைப் பையில் போட்டு வந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டிக்கொண்டு தங்கவேலின் அறைக்கு நடந்தார். நானும் போனேன்.

"தங்கவேல், அந்த மெமோவுல ஆள் மாறிப்போச்சுய்யா."

"யாரு சார் அப்ப?"

"நாந்தான்."

தங்கவேல் எழுந்துவிட்டார். "விளையாடாதீங்க சார்."

நடந்ததைச் சொன்னார். அதில் இன்ஜினீயரின் பெயரையோ கம்பெனியின் பெயரையோ அவர் இழுக்கவில்லை. தங்கவேல் முழுவதும் கேட்டார், பாதிதான் நம்பினார். "நீங்க பெருந்தன்மையாச் சொல்றீங்களோன்னு இருக்கு. அந்தப் பொண்ணு தெனமும் அணைச்சு அணைச்சுப் போட்டது நெசம்தான?"

"உறைஞ்ச பொறவு அணைச்சா. உறைய வச்சது நானு."

"டாக்டரம்மாகிட்ட நான் என்னத்தச் சொல்றது?"

"நீ சொல்ல வேணாம். போனைப் போடு, நானே பேசுறேன்."

பேசினார். மறுமுனையில் டாக்டரம்மா பேசியதுதான் அதிகம். சார், "ஆமாம்மா", "சரிதாம்மா" என்று கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் தங்கவேல் ஒரு முடிவு சொன்னார். "சரி சார். ராத்திரி முழுக்க அவ கம்ப்யூட்டர் சும்மா கெடக்கட்டும். காலைல தொட்டதும் ஓடணும். ஓடுச்சுன்னா மெமோவ வாபஸ் வாங்குறேன். இல்லைன்னா மெமோ மெமோதான்."

நியாயமான சோதனை. மறக்கும் நேரத்தை ஒரு மணிக்கு உயர்த்தினேன். ஆனால் ஓர் இரவு என்பது ஒரு மணி அல்ல. அதனால் சர்வரில் இன்னொரு ஏற்பாடும் செய்தேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை, இணைந்திருக்கும் ஒவ்வொரு கணினியையும் 'இருக்கிறாயா?' என்று சர்வரே கேட்கும். அந்தக் கணினி 'இருக்கிறேன்' என்று தானாகப் பதில் சொல்லும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. இந்தச் சிறு பேச்சு நடக்கும் வரை பெட்டி அந்த இணைப்பை மறக்காது. கேட்கும் இடைவெளி மறக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. முடித்துவிட்டுப் போனில் செல்வராணியை ஒரு முறை வெளியேறி மறுபடி நுழையச் சொன்னேன். "இனிமே காலைல நாங்க சொல்ற வரைக்கும் தொடாத" என்றேன்.

"நான் தொட மாட்டேன் மேடம். வாட்ச்மேன் ஒச்சப்பண்ணே ராத்திரி ரவுண்டு வருவாரு. எரியுற சுவிட்சக் கண்டா அவருக்குக் கை நிக்காது."

பத்மநாபன் சார் ரிசீவரை என்னிடமிருந்து வாங்கினார். "அவருகிட்ட நான் சொன்னேன்னு சொல்லு. ஆள் இல்லாட்டியும் அணைக்க வேணாம்."

அந்த வாக்கியத்தை அவர் சொல்லி நான் கேட்டது அன்று ஒரு முறைதான்.

மறுநாள் புதன்கிழமை நான் வந்தபோது அவர் எனக்கு முன்பே வந்திருந்தார். நாடாவை மாற்றவில்லை, வாளியைக் கொட்டவில்லை. நேராக உசிலம்பட்டிக்குப் போன் போட்டேன். தங்கவேல் வந்து, உட்காராமல் கதவருகே நின்றுகொண்டார்.

செல்வராணி முதல் மணியிலேயே எடுத்தாள். "மேடம், ராத்திரி கரண்டு போச்சாம். யு.பி.எஸ். கத்துன சத்தத்தைக் கேட்டு ஒச்சப்பண்ணே ஓடிப்போய் ஜெனரேட்டரப் போட்டாராம். ஆளில்லாத ரூமுக்கு எதுக்குய்யா ஜெனரேட்டருன்னு நர்ஸம்மா இம்புட்டுத் திட்டாம். அணைக்கக் கூடாதுன்னு மதுரை உத்தரவுன்னு சொல்லிட்டாராம்."

"கம்ப்யூட்டர் அணையலையே?"

"அணையல மேடம். நேத்து விட்ட மாதிரியே இருக்கு. தொடலாமா?"

நான் சாரைப் பார்த்தேன். "தொடச் சொல்லு" என்றார்.

விசை தட்டும் சத்தம் கேட்டது. தங்கவேல் கதவிலிருந்து ஓரடி உள்ளே வந்தார்.

"வந்துருச்சு மேடம்! ஏ பாசிட்டிவ் ஒன்பது. பி பாசிட்டிவ் ஆறு. ஓ பாசிட்டிவ் பதினொண்ணு. ஏ நெகட்டிவ் ஒண்ணு." கொஞ்சம் நிறுத்தினாள். "ஓ நெகட்டிவ் ஒண்ணுகூட இல்ல மேடம்."

தங்கவேல், "மெமோவ நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். பத்மநாபன் சார் அதற்குள் ரத்த வங்கிக்கு டயல் செய்துகொண்டிருந்தார். அவசரத்துக்கு யாருக்கும் ஏற்றக்கூடிய ஓ நெகட்டிவ் கொடுப்பவர்களில் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். வண்டியூரில் ஒரு பள்ளி ஆசிரியர் இருக்கிறார் என்றார்கள். பள்ளிக்குக் கிளம்பிவிடும் முன் அவரைப் பிடிக்க வேண்டும். அன்று காலை நாடாவுக்கும் வாளிக்கும் முன்னால் அந்த வேலைதான்.